கடவுளே என்று ஒரு வேரியபிள்

ஆபீஸில் அவளுக்கு 'பிராக்கெட்' என்று பட்டப்பெயர். ப்ரோகிராம் எழுதும்போது பிராக்கெட்டைத் திறந்த கையோடு மூடியும் வைத்துவிட்டு, அப்புறம்தான் நடுவில் எழுத ஆரம்பிப்பாள். இன்றைக்கு அதைக் கம்ப்யூட்டரே செய்துவிடுகிறது. அன்றைக்கு அப்படி இல்லை. யாரோ மூடாமல் விட்ட ஒரே ஒரு பிராக்கெட்டைத் தேடி ஆபீஸே கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த காலம் அது. மற்றவர்கள் எல்லாம் திறந்துபோட்டுவிட்டு டீ குடிக்கப் போகிற ரகம். இவள் ஒருத்திதான் மூடிவிட்டுப் போகிறவள்.

ஆபீஸ் என்றதும் கண்ணாடி மாளிகையை நினைத்துக்கொள்ள வேண்டாம். ஒரு மருந்துக்கடைக்கு மேலே, ஜன்னலை அடைத்து ஏசி பொருத்திய நீள அறை. இரண்டு வரிசை மேஜைகள், முதுகுக்கு முதுகு. நாற்காலியைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளினால் பின்னால் இருப்பவரின் நாற்காலியில் இடிக்கும். தொலைதூர பஸ் கம்பெனி ஒன்றுக்கு டிக்கெட் பதிவு செய்கிற மென்பொருளை அங்கே எழுதிக்கொண்டிருந்தார்கள். அவளோடு நாற்காலி இடித்துக்கொண்டவர்தான் பிற்பாடு அவளுக்குப் புருஷனானார். இன்றைக்கு அவர் பெரிய பேச்சாளர். நாம் அவரை மேடைக்காரர் என்றே சொல்லிக்கொள்வோம்.

ஒருவர் எழுதியதை இன்னொருவர் படித்துப் பார்த்துக் குறை சொன்ன பிறகுதான் உள்ளே சேர்ப்பது அங்கே வழக்கம். அவள் எழுதியது அவரிடம் போகும். குறை எழுத வேண்டிய இடத்தில் மனுஷன் 'இந்தப் பேரு நல்லா இருக்கு' என்று எழுதி அனுப்புவார். பேர் வைப்பதில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை என்பது உண்மைதான். ப்ரோகிராமுக்குள் ஒவ்வொரு மதிப்பையும் போட்டு வைக்க ஒரு டப்பா வேண்டும், டப்பாவுக்கு ஒரு பேர் வேண்டும். வேரியபிள் என்று அவர்கள் சொல்வது அதைத்தான். மற்றவர்கள் ஏ, பி, எக்ஸ் என்று கைக்கு வந்த எழுத்தைத் தட்டிவிட்டுப் போவார்கள். இவள் பெற்ற பிள்ளைக்குப் பேர் தேடுகிற மாதிரி கன்னத்தில் கை வைத்து யோசிப்பாள். அந்தப் பேர்களில்தான் மேடைக்காரர் விழுந்தார்.

கல்யாணம் ஆனது. அதுவரை 'நீ வா', 'நீ போ' என்று பேசிக்கொண்டிருந்தவள், மாமியார் காதுக்காக 'நீங்க' போட ஆரம்பித்தாள். மாமியார் போய்ச் சேர்ந்த பிறகும் அது மட்டும் போகவில்லை. பெண் பிறந்தாள். பிரசவ விடுப்பு முடிந்து அவள் வேலைக்குத் திரும்பி மூச்சு விடுவதற்குள் குழந்தைக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. நெஞ்சில் சளி கட்டி, ஒவ்வொரு மூச்சுக்கும் விலா எலும்பு தெரிய இழுத்தது. ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள்.

நேரம் பாருங்கள், அதே வாரம்தான் அவருக்கு முதல் மேடை. அவர்கள் எழுதுகிற ப்ரோகிராம் மொழிக்காரர்கள் எல்லாம் வருஷத்துக்கு ஒருமுறை வேறு ஏதாவது ஒரு நகரத்தில் கூடுவார்கள். மொழியில் என்ன புதிதாக வந்திருக்கிறது, ப்ரோகிராமை எப்படிச் சுத்தமாக எழுதுவது என்று மேடை போட்டுப் பேசுவார்கள். பேசுவதற்கு அவரைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். போவதா வேண்டாமா என்று பெட்டியை மூடாமல் நின்றார். நடிப்பில்லை, நிஜமாகவே நின்றார். அவள்தான், "நீங்க போயிட்டு வாங்க, நான் பாத்துக்கறேன்" என்றாள். இந்த 'நான் பாத்துக்கறேன்' என்கிற பேச்சை முதன்முதலில் ஆரம்பித்து வைத்தவள் யாரோ, அவளைப் பிடித்து நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்க வேண்டும்.

போனவர் தன் வேலையை அரைகுறையாக விட்டுவிட்டுப் போயிருந்தார். பஸ்ஸில் யாரை எங்கே உட்கார வைப்பது என்று முடிவு செய்கிற பகுதி அது. விடுமுறைக் கூட்டம் தொடங்குவதற்குள் அது தயாராகியாக வேண்டும். ஆபீஸில் தலைக்கு மேல் வேலை, வேறு ஆளில்லை. மேலாளர் அவளுக்குப் போன் போட்டு, ரொம்பச் சங்கடப்பட்டு, அதை அவள் தலையில் கட்டினார். இவளும் லேப்டாப்பை ஆஸ்பத்திரிக்கு எடுத்துக்கொண்டு போனாள்.

குழந்தையின் கட்டிலுக்குப் பக்கத்தில் ஓர் இரும்பு ஸ்டூல். மடியில் லேப்டாப். தலைக்கு மேலே நாடித்துடிப்பைக் காட்டுகிற இயந்திரம். வயசானவர்களை மேல் படுக்கையில் போடாதே, சின்னப் பிள்ளைகளை அவசர வழிக்குப் பக்கத்தில் போடாதே, கைக்குழந்தைக்குத் தனி இருக்கை கொடுக்காதே என்று ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டு வந்தாள். ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு புகார் உண்டு. மூன்று மாதக் குழந்தைக்குக் கடைசி வரிசையில் ஜன்னல் சீட் கொடுத்துவிட்டதாக ஒரு தாய் போனில் அழுதிருந்தாள். வயசு எழுதாமல் விட்டிருந்ததால் வந்த வினை. வயசு இல்லை என்றால் கம்ப்யூட்டருக்கு அது குழந்தையா கிழவரா என்று எப்படித் தெரியும்? 'இப்படி இருந்தால்', அதற்குள் 'அப்படி இருந்தால்', அதற்குள் இன்னொன்று என்று வரிகள் உள்ளே உள்ளே போய்க்கொண்டே இருந்தன. பேர் யோசிக்கிற தெம்பு அவளுக்கு இல்லை. 'இது', 'அது', 'இன்னொண்ணு' என்று வாயில் வந்ததையெல்லாம் ஆங்கில எழுத்தில் தட்டிக்கொண்டே போனாள்.

வயசு தெரியாத பிள்ளையைத் தாயின் மடியில் வைக்கிற இடத்துக்கு வந்தபோது, அது உண்மையா பொய்யா என்று குறித்து வைக்க ஒரு டப்பா தேவைப்பட்டது. பேர் வைக்க விரலைத் தூக்கினாள். இயந்திரம் கத்த ஆரம்பித்தது. குழந்தையின் உதடு நீலமாக இருந்தது. வாய் கதறியதை விரலும் அடித்துவிட்டது. கடவுளே.

நர்ஸ்கள் ஓடிவந்தார்கள். லேப்டாப்பை யாரோ வாங்கித் தரையில் வைத்தார்கள். அவளைக் கதவுக்கு வெளியே நிறுத்திவிட்டார்கள். வெளியே நின்றிருந்தபோது தான் எப்படி இருந்தோம் என்பது அவளுக்கு இன்றைக்கும் முழுசாக ஞாபகத்துக்கு வருவதில்லை. வர வேண்டாம் என்றே அவளும் விட்டுவிட்டாள். குழந்தை பிழைத்தது. மறுபடி ஸ்டூலில் உட்கார்ந்தபோது திரையில் அந்தப் பேர் அப்படியே இருந்தது. மீதியை எழுதி, ஓடுகிறதா என்று பார்த்தாள். ஓடியது. பேரை மாற்றாமலே அனுப்பிவிட்டாள். சாயங்காலம் அவர் போன் செய்து, கைதட்டல் அடங்கவே இல்லை என்று சொன்னபோது, "நல்லது, பாப்பா நல்லா இருக்கா" என்றாள். நீல உதட்டைப் பற்றி அப்போதும் சொல்லவில்லை, அவர் ஊருக்கு வந்த பிறகும் சொல்லவில்லை. சொன்னால் அவர் இனிமேல் எந்த மேடைக்கும் போகாமல் இருந்துவிடுவாரோ என்று பயம். பைத்தியக்காரி.

ஆபீஸ் அறைக்கு அவள் திரும்பிப் போகவில்லை. விடுப்பு நீண்டது, சம்பளமில்லா விடுப்பானது, பிறகு ராஜினாமா ஆனது. இரண்டு பேரில் யார் வீட்டில் இருப்பது என்ற பேச்சே அந்த வீட்டில் எழவில்லை. பெண்ணுக்கு மழைக்காலம் தோறும் நெஞ்சு அடைக்கும். அவருக்கோ வருஷம் தோறும் மேடை கூடிக்கொண்டே போனது.

மேடையில் அவருக்கென்று ஓர் உத்தி உண்டு. திரையை இரண்டாகப் பிரித்து, இடது பக்கம் பழைய முறையில் எழுதிய ஓர் அசிங்கத்தைப் போடுவார். கூட்டம் சிரிக்கும். வலது பக்கம், மொழியில் புதிதாக வந்திருக்கிற வசதியை வைத்து அதையே நாலைந்து வரியில் எழுதிக் காட்டுவார். கூட்டம் கைதட்டும். வீட்டில் பேசிப் பார்க்காமல் எந்த மேடைக்கும் போகமாட்டார். அவள் பாத்திரம் துலக்கிக்கொண்டே கேட்பாள், தப்பு இருந்தால் சொல்வாள். அப்படிக் கேட்டுக் கேட்டே மொழியில் வந்த புதுசு அத்தனையும் அவளுக்கு அத்துப்படி. அவர் ஊரில் இல்லாதபோது அவருடைய பழைய லேப்டாப்பில் எழுதியும் பார்ப்பாள். இந்த வருஷம் மட்டும் அவர் ஒத்திகை பார்க்கவில்லை. பழைய பேச்சைத்தான் தூசி தட்டிப் பேசப்போவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

பெண் உயர்நிலைப் பள்ளிக்குப் போன பிறகு அவள் வேலை தேட ஆரம்பித்தாள். வீட்டில் காசுக்குக் குறைவில்லை. "அம்மா என்ன பண்றாங்க?" என்று பள்ளிக்கூடத்தில் கேட்டதற்குப் பெண் "சும்மாதான் இருக்காங்க" என்று சொன்னது அவள் காதில் விழுந்திருந்தது. குழந்தை மனசில் கபடமில்லை; ஆனால் அன்றிலிருந்து அவளுக்கு அந்த வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. தன்னாலும் ஒரு வேலை ஆகும் என்று வெளியே யாராவது ஒருவர் சொல்லிக் கேட்க வேண்டும் போல் இருந்தது. புருஷன் பேரைச் சொன்னால் கதவு திறக்கும் என்று தெரியும். அதனாலேயே எங்கும் சொல்லவில்லை. எல்லா இடத்திலும் நடுவில் விழுந்திருந்த இடைவெளியைப் பார்த்துவிட்டுக் கை கழுவினார்கள். கடைசியாக ஒரே ஓர் இடத்திலிருந்து நேரில் வரச் சொன்னார்கள். இதுவும் போனால் இனி எங்கேயும் கேட்பதில்லை என்று முடிவு செய்திருந்தாள்.

அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், மாநாட்டுப் பேச்சின் பதிவு வந்துவிட்டதென்று மேடைக்காரர் அதை டிவியில் போட்டார். பெண் சோபாவில் கால் நீட்டிப் படுத்திருந்தாள். இவள் துணி மடித்துக்கொண்டே பார்த்தாள். நிறைந்த மண்டபம். திரையின் இடது பக்கம் ஒரு நீள ப்ரோகிராம் வந்தது. ஒவ்வொரு வரியும் முந்தின வரியைவிட உள்ளே தள்ளித் தள்ளி, படிக்கட்டு மாதிரி இறங்கிக்கொண்டே போனது. தான் வேலை பார்க்கிற கம்பெனியின் பழைய குப்பையிலிருந்து எடுத்தது, இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது என்று மேடையில் அவர் சொன்னார். 'இது', 'அது', 'இன்னொண்ணு' என்று ஒவ்வொரு பேராகப் படிக்கப் படிக்க மண்டபம் குலுங்கியது. கடைசிப் பேருக்கு வந்து நிறுத்தி, கூட்டத்தைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டுச் சொன்னார்: "கடவுளேங்கறது உண்மையா இருந்தா குழந்தையை மடியில வை! கடவுள் உண்மையா இருந்தாத்தாங்க இந்த பஸ் கிளம்பும்!"

மண்டபம் அதிர்ந்தது. சோபாவில் பெண் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்துச் சிரித்து இருமலே வந்துவிட்டது. "யாருப்பா அந்த லூசு?" என்று கேட்டாள். "யாரோ, எந்தக் காலத்திலேயோ" என்றார் மேடைக்காரர், டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல். இவள் மடித்த துணியையே பிரித்து மறுபடி மடித்தாள். அன்று அது அவருடைய வேலை, அவர் விட்டுப்போனதைத்தான் இவள் முடித்தாள். அவர் முதல் கைதட்டலை வாங்கிக்கொண்டிருந்தபோது எழுதிய வரிகளுக்கு இன்றைக்கு அவரே கைதட்டல் வாங்குகிறார்.

ஆனாலும் வலது பக்கத்தைப் பார்க்காமல் இருக்க அவளால் முடியவில்லை. வந்திருப்பவர் எந்த வகை என்று ஒரே இடத்தில் பிரித்துவிடுகிற புது வசதி. வயசு தெரியாததும் அதில் ஒரு தனி வகை. மறந்து விட்டுவிடவே முடியாது, விட்டால் மொழியே தடுத்துவிடும். சுத்தமாக இருந்தது, அழகாகவும் இருந்தது. அன்றைக்கு இப்படி ஒரு வசதி இருந்திருந்தால், கண்ணில் தூக்கமும் இருந்திருந்தால், அவளும் இப்படித்தான் எழுதியிருப்பாள். அதை நினைத்தபோதுதான் அழுகை வந்தது. அடுக்களைக்குப் போய்விட்டாள்.

அங்கே நின்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். அவருக்கு எப்படித் தெரியும்? ஆயிரம் பேர் எழுதிய குப்பை. எதையோ கிளறினார், கையில் அகப்பட்டதை எடுத்துப் போட்டார். அவள் எழுதியதென்று தெரிந்திருந்தால் அவர் தொட்டிருப்பாரா என்ன? தெரியாமல் செய்ததற்கு யாரைக் கோபித்துக்கொள்வது? இந்தச் சமாதானத்தைப் பிடித்துக்கொண்டுதான் அவள் அந்த வாரத்தைத் தள்ளினாள்.

நேர்முகத்துக்குப் போன இடம் பளிச்சென்று இருந்தது. சின்ன அறை, வெள்ளை மேஜை, சுவரில் பெரிய திரை. எதிரே இரண்டு பேர்: குழுவுக்குத் தலைவியான ஒரு பெண், அவளுக்குப் பக்கத்தில் தாடி வைத்த ஓர் இளைஞன். இடைவெளியைப் பற்றித் தலைவி அதிகம் கேட்கவில்லை. எழுதிக் காட்டினால் போதும் என்றாள். ஒரு பழைய ப்ரோகிராமைப் போடுவோம், அதைச் சீர் செய்து காட்ட வேண்டும், இந்த வருஷ மாநாட்டில் ரொம்பப் பிரபலமானது என்று சொல்லிக்கொண்டே தாடிக்காரன் திரையைத் தட்டினான். படிக்கட்டு வந்து நின்றது.

அவள் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். அந்த ஸ்டூலும் இயந்திரமும் நீல உதடும் அப்படியே எதிரே வந்து உட்கார்ந்துகொண்டன. தலைவி, "முதல்ல எதைத் தொடுவீங்க?" என்று கேட்டாள்.

"பேரை. முதல்ல பேரை மாத்துவேன்."

எழுந்து போய் எழுத ஆரம்பித்தாள். விரல்கள் தாமாக ஓடின. 'இது' போயிற்று, 'அது' போயிற்று. 'கடவுளே'யை அழித்துவிட்டு, மடிக்குழந்தை என்று பொருள் வருகிற மாதிரி அளவான ஒரு பேர் வைத்தாள். புது வசதியைப் போட்டுப் படிக்கட்டை இடித்துத் தரைமட்டமாக்கினாள். ஒரு தடங்கல் இல்லை. அந்தக் குழப்பத்தில் எது எதற்கென்று இவ்வளவு சீக்கிரம் எப்படிப் பிடிபட்டது என்று தலைவி கேட்டாள். 'நான்தான் எழுதினேன்' என்பது அவள் தொண்டை வரைக்கும் வந்தது. சொன்னால் என்ன ஆகும்? ஏற்கனவே இத்தனை வருஷம் வீட்டில் இருந்தவள். ஊரே சிரிக்கிற குப்பைக்குச் சொந்தக்காரி வேறு. வெளியே போகும் வழியைக் காட்டிவிடுவார்கள். "உத்துப் பாத்தா தெரியுதே" என்றாள்.

தாடிக்காரனுக்கு ஒரே உற்சாகம். "இதை எழுதின ஆளை அன்னைக்கே வீட்டுக்கு அனுப்பியிருக்கணும் மேடம்" என்றான் சிரித்துக்கொண்டே.

"அனுப்பியிருப்பாங்க" என்றாள் அவளும் சிரித்துக்கொண்டே.

அங்கேயே கை கொடுத்து, வேலை அவளுக்குத்தான் என்று சொன்னார்கள். லிஃப்டில் கீழே வரும்போது கண்ணாடியில் தன் முகம் இன்னும் சிரித்துக்கொண்டிருப்பதைப் பார்த்தாள். அதைக் கழற்றுவதற்கு அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

சாயங்காலம் மேடைக்காரர் வந்ததும் சொன்னாள். அவருக்கு நிஜமாகவே சந்தோஷம், குறை சொல்லக் கூடாது. பெண்ணைக் கூப்பிட்டுச் சொன்னார், அவளும் ஓடிவந்து அம்மாவைக் கட்டிக்கொண்டுவிட்டு, தோழிகளுக்குச் சொல்ல உள்ளே ஓடினாள். தன் பேரைச் சொல்லாமலே வாங்கிவிட்டாளே என்று அவர் மெச்சினார். பிறகு சட்டையின் கையை மடித்துக்கொண்டே, என்ன கேட்டார்கள் என்று விசாரித்தார். "உங்க ஸ்லைடுதான். அந்த பஸ் சீட்டு" என்றாள்.

மடித்துக்கொண்டிருந்த கை நின்றது. உள்ளே பெண்ணுக்குக் கேட்டுவிடாதபடி குரலைத் தாழ்த்தி, "உன்னோடதுன்னு சொல்லிட்டியா?" என்று கேட்டார்.

அவளுக்கு ஒரு கணம் புரியவில்லை. புரிந்ததும் கேட்டாள்: "உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாம என்ன? எந்த வரி யார் எழுதினதுன்னு அதுலயே பதிஞ்சிருக்கே. அதனாலதான் உன் பேரை எடுத்துட்டுப் போட்டேன். யாருக்கும் தெரியாது, கவலைப்படாத."

அவளுக்கு ஏதோ நல்லது செய்ததைப் போலத்தான் சொன்னார். அதில்தான் அவளுக்கு எரிந்தது. பேர் எடுப்பதற்குத் தமிழில் இரண்டு அர்த்தம் உண்டு. இரண்டையும் ஒரே ஸ்லைடில் செய்து முடித்திருந்தார் மனுஷன். இத்தனை வருஷத்துக்கும் சேர்த்துக் கேட்டுவிடலாம் என்று வாயைத் திறந்தாள். பெண் பிறந்ததிலிருந்து பேசாமல் வைத்திருந்ததெல்லாம் வரிசையாக வந்து நின்றது. ஆனால் மத்தியானம் அந்த வெள்ளை மேஜைக்கு முன்னால் தானும் அதே காரியத்தைத்தானே செய்துவிட்டு வந்திருக்கிறோம் என்பது அவளுக்கு உறைத்தது. அவராவது பேரை மட்டும் எடுத்தார். இவள் ஆளையே வீட்டுக்கு அனுப்பிவிட்டு வந்திருக்கிறாள். எந்த முகத்தை வைத்துக்கொண்டு சண்டை போடுவது?

"சொல்லல" என்றாள்.

நல்ல வேளை என்று அவர் பெருமூச்சு விட்டார். சட்டையின் மறுகையையும் மடித்தார். பாரம் இறங்கியதில் முகத்தில் பழைய சிரிப்பு எட்டிப் பார்த்தது. முன்பொரு காலத்தில் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி அவளைத் திரும்பிப் பார்க்கிறபோது இருந்த அதே சிரிப்பு.

"ஆமா, பேர் வைக்கறதுக்கு அவ்வளவு யோசிப்பியே, அதுக்கு மட்டும் ஏன் கடவுளேன்னு வச்ச?"

உள்ளே பெண் போனில் யாரிடமோ கலகலவென்று பேசிக்கொண்டிருந்தாள்.

"ஞாபகம் இல்லைங்க" என்றாள் அவள்.